பத்து எண்ணுவதற்குள்

அந்தப் பேப்பரக் கொஞ்சம் மடக்கி வச்சிக்கிடுதியளா தம்பி? காத்துல மூஞ்சில அடிக்குன்னு சொல்லல. அந்தப் படத்துல ஒருத்தன் நிக்கான் பாருங்க, வெள்ளச் சட்டை, கைய முதுகுக்குப் பின்னால கட்டிக்கிட்டு. அவன் மூஞ்சிய நான் காலங்காத்தால பாக்கணுமா? எங்க வீட்டுக்கு வந்த பேப்பர அடுப்புல போடச் சொல்லிட்டுத்தான் பஸ் ஏறினேன். இங்கன வந்து உக்காந்தா உங்க மடியில இருக்கான்.

நீங்க திருநெல்வேலிக்கா? நானும் அங்கதான். பதினோரு மணிக்கு கபடிச் சங்கத்து ஆபீஸ்ல என்னைய விசாரிக்காங்க. ஆமா, விசாரணை. என்னைய. ஆறுமுகநயினார்னு திருச்செந்தூர் வட்டாரத்துல எந்தக் கிரவுண்டுல வேணும்னாலும் கேளுங்க. முப்பத்தோரு வருசம் ஸ்கூல்ல பி.டி. வாத்தியார், அதுல இருவத்தாறு வருசம் கபடி ரெஃப்ரி. என் மேட்சுல எவனும் ஒரு புகார் எழுதிக் குடுத்தது கிடையாது. சொந்த மச்சினன் கடைசி ரெய்டுல கோட்ட மிதிச்சான்னு விசில் ஊதிட்டு, ஒண்ணரை வருசம் மாமனார் வீட்டுப் படி ஏற முடியாம இருந்தவன் நான். அப்படிப்பட்டவனுக்கு நோட்டீஸ் வருது, வந்து விளக்கம் சொல்லுன்னு. எவன் குடுத்த மனுவுல? இந்தப் படத்துல இருக்கவன் குடுத்த மனுவுல.

சேர்மராஜ். கேள்விப்பட்டிருப்பிய. ஆட்டக்காரன்தான், இல்லைங்கல. நான் பொய் சொல்ல மாட்டேன். பிடிக்கிறதுல அவன மாதிரி ஒருத்தன் இந்த ஜில்லால வரல. எதிராளி ரெய்டு வாரான்னா இவன் கோட்டுக் கிட்ட தூங்குத மாதிரி நிப்பான். ஒரு கால் அவன் பக்கம் வரணும், அவ்வளவுதான். கணுக்காலப் பிடிச்சான்னா பிடிச்சதுதான். பதினேழு வயசுல ஜில்லா டீமு, இருவதுல மாநில டீமு, ஸ்போர்ட்ஸ் கோட்டால கவர்மெண்டு உத்தியோகம், நாலு நேஷனல் ஆடிட்டான். கடைசில இந்தியா கேம்ப்புக்கு வான்னு லெட்டரும் வந்துட்டு. அவங்க அம்மா அந்த லெட்டர சாமி படத்துக்கு முன்னால வச்சிக் கும்பிட்டாவ. இவன் போகல. இனிமே ஆட மாட்டேன்னுட்டான்.

சரி, ஆடாத. உத்தியோகம் இருக்கு, பொண்டாட்டி இருக்கா, வீட்ல இரி. இருந்தானா? ஊர் ஊருக்குக் கோயில் கொடைத் திருவிழாவுக்கு டோர்னமெண்டு நடத்துதாங்கல்லா, அங்கெல்லாம் போயி நிக்கான். ஆம்புலன்ஸ் எங்க, டாக்டர் எங்க, தலையில அடிபட்டவன திரும்ப இறக்கக் கூடாது, எழுதிக் கையெழுத்துப் போடுன்னு. கமிட்டிக்காரன் மாட்டேன்னா, கிரவுண்டு நடுக்கோட்டுல போயி உக்காந்துக்கிடுவான். ஆம்புலன்ஸ் வரட்டும், எந்திரிக்கேன்னு. ரெண்டு தடவ போலீஸ் வந்து குண்டுக்கட்டாத் தூக்கிட்டுப் போயிருக்கு. ஆபீஸ்ல மெமோ மேல மெமோ. அந்த மூதிக்கு உறைக்கவே இல்ல. பத்துப் பதினஞ்சு வருசமா இதே சோலி. இப்பம் பயலுவ எல்லாம் அவன் பின்னால போறானுவ.

என் கோவம் அதுல இல்ல தம்பி. ஆம்புலன்ஸ் வேணும்னா கேளு, ஏரோப்பிளேன் வேணும்னாலும் கேளு. எனக்கென்ன.

இந்தப் பங்குனில ஒரு ஊர்ல, பேரு வேண்டாம், என்னையச் சிறப்பு விருந்தாளியாக் கூப்பிட்டிருந்தாங்க. ரிட்டையர் ஆன மனுசன மதிச்சிக் கூப்பிட்டாங்கல்லா, நானும் வேட்டி சட்டையத் தேச்சிப் போட்டுட்டுப் போனேன். பொன்னாடை போத்துனாங்க. மேளம் அடிக்கான். ஆட்டம் ஆரம்பிக்க முன்னால விருந்தாளி போயி வீரர்களுக்குக் கை குடுக்கணும், அதான முறை. ரெண்டு டீமும் வரிசையா நிக்கானுவ, பதினாலு பேரு. நான் மொத ஆளுகிட்டக் கைய நீட்டுதேன். அவன் கைய முதுகுக்குப் பின்னால கட்டிக்கிட்டான். சரி, சின்னப் பய, தெரியலன்னு அடுத்தவன்கிட்ட நீட்டுதேன். அவனும் பின்னால கட்டிக்கிட்டான். பதினாலு பேரும் தம்பி. நான் கைய நீட்டிக்கிட்டே பதினாலு பேரத் தாண்டிப் போனேன். பாதில திரும்ப முடியுமா? ஊரே பாத்துக்கிட்டிருக்கு. மேளக்காரன் அடிக்கத நிறுத்திட்டான். கடைசில பாக்கேன், வரிசைக்கு அந்தப் பக்கம் கூட்டத்துல இவன் நிக்கான், சேர்மராஜ். அவனும் கையப் பின்னால கட்டிக்கிட்டு.

கோவம் வருமா வராதா? நீங்களே சொல்லுங்க.

ஏன் அப்படிச் செஞ்சானுவன்னா, இவன் எல்லாக் கிரவுண்டுலயும் ஒரு பேச்சு பேசுதான். மைக் குடுத்தாலும் பேசுதான், குடுக்காட்டாலும் பேசுதான். என்ன பேசுதான்? "ரெண்டு தடவயும் பலவேசத்த அடிச்சவன் நான். நடுவுல நின்னு எண்ணுனது ஆறுமுகநயினார் சார்." இதான் பேச்சு. அடிச்சவன் நான்னு நெஞ்சத் தட்டிச் சொல்லுதியா, சொல்லிட்டுப் போ. உன் பாவத்துல எனக்கு எதுக்குலே பங்கு வைக்க? குரங்கு தான் கெட்டது போதாதுன்னு வனத்தையும் சேத்துக் கெடுத்துச்சாம். அந்தக் கதைதான்.

பலவேசம் யாருன்னு கேக்கிய. சொல்லுதேன். ஒளிக்கதுக்கு ஒண்ணும் கிடையாது.

பதினெட்டு வருசத்துக்கு முந்தி. வைகாசி மாசம், ஒரு கொடை டோர்னமெண்டு, செமி ஃபைனல். சாயங்காலம் அஞ்சரை மணி, நல்ல வெளிச்சம். ஒரு பக்கம் சேர்மராஜ் டீமு, அவன்தான் கேப்டன். லீவு போட்டுட்டு வந்து ஊர் டீமுக்கு ஆடுவான் அப்பம். இன்னொரு பக்கம் உப்பளத்துல வேலை பாக்குத பயலுவ டீமு. அதுல ரெய்டு போறவன்தான் பலவேசம். இருவத்திமூணு வயசு, கல்யாணம் ஆகி எட்டு மாசம். ஒல்லி ஆளு, ஆனா வேகம்னா வேகம். அன்னைக்கு அவன் ஒருத்தனே பதினாலு பாயிண்டு எடுத்திருந்தான். ஆட்டம் முடியப் போகுது. பாடிக்கிட்டே உள்ள வாரான், சேர்மராஜ் கணுக்காலப் பிடிச்சிட்டான். பலவேசம் குப்புற விழுந்தான். தண்ணி தெளிச்சி உருளை விட்டு இறுக்கின செம்மண்ணு. தலை தரையில பட்ட சத்தம் எனக்குக் கேட்டுது. கேக்காம இருக்குமா, அடுத்தாப்லதான நிக்கேன். சுத்தமான பிடி. தப்பாட்டம் கிடையாது. அவுட்டுன்னு கை காட்டினேன். ரூலு அவ்வளவுதான் சொல்லுது.

அவுட் ஆனவன் வெளியப் போயி அவன் டீமுக்குன்னு போட்ட கட்டத்துல உக்காரணும். இவன் என்ன செஞ்சான் தெரியுமா? நேரா சேர்மராஜ் டீமோட கட்டத்துல போயி உக்காந்துட்டான். அதுலயும் கிரவுண்டுக்கு முதுகக் காட்டிக்கிட்டு உக்காந்தான். கூட்டம் பூராவும் சிரிச்சிது. நானும் சிரிச்சேன். பொய் எதுக்கு. "ஏலே, மாமியா வீடுன்னு நெனச்சியா, உன் கட்டத்துக்குப் போ"ன்னேன். எந்திரிச்சான். எங்க போகணும்னு தெரியாம நின்னான். தோளப் பிடிச்சி நான்தான் கொண்டு போயி அவன் கட்டத்துல உக்கார வச்சேன். இத இவன் எந்த மைக்குலயாவது சொல்லுதானா? ஆறுமுகநயினார் சார் அன்பாக் கூட்டிட்டுப் போயி உக்கார வச்சாருன்னு? சொல்ல மாட்டான்.

இப்பம் நல்லாக் கேளுங்க, இதான் விசயம். உள்ள ஆடுத நம்மாளு எதிராளில ஒருத்தன அவுட் ஆக்கிட்டான்னா, வெளிய உக்காந்திருக்கவன்ல மொத ஆளு திரும்ப உள்ள வரணும். வந்தா வரலாம், வராட்டாப் போகலாம்னு கிடையாது. வரணும். பத்து எண்ணுததுக்குள்ள வரணும். வரலைன்னா எதிர் டீமுக்கு ஒரு பாயிண்டு. எண்ணுதது யாரு? ரெஃப்ரி. பலவேசம் டீமுக்காரன் ஒருத்தன் பாயிண்டு எடுத்துட்டான். பலவேசம் வரணும். வரல. உக்காந்தே இருக்கான். நான் கையத் தூக்கி எண்ண ஆரம்பிச்சேன். ரூலு என்ன சொல்லுது? எண்ணுன்னு சொல்லுது.

நாலு எண்ணும்போது சேர்மராஜ் கிட்டக்க வந்து, "சார், அவனுக்கு முடியல போலுக்கு"ன்னான். எதிர் டீம் கேப்டன் இதச் சொல்லதுக்கு ரூல்ல இடமே கிடையாது. "உனக்கு ஒரு பாயிண்டு கிடைக்கப் போகு, கசக்காலே, போயி உன் இடத்துல நில்லு"ன்னேன். அஞ்சு. ஆறு. ஏழுல பலவேசம் எந்திரிச்சிட்டான். யாரும் தூக்கி விடல. தானா எந்திரிச்சி, தானா உள்ள வந்தான். எழுதிக்கிடுங்க, தானா.

இல்ல தம்பி, மாத்து ஆளு எல்லாம் இறக்கி முடிஞ்சிட்டு. ஆட்டத்த நிறுத்தலாம், ரெஃப்ரி நெனச்சா நிறுத்தலாம். அதுவும் ரூல்ல இருக்கு, தெரியாதுன்னு சொல்லல. ஆனா எதுக்கு நிறுத்த? ரத்தம் வரல. கை கால் ஒடியல. அப்பம் ஸ்கோர் என்னன்னு நெனச்சிய? முப்பத்திநாலு, இருவத்தொண்ணு. பலவேசம் டீமு பதிமூணு பாயிண்டு முன்ன நிக்கி, ஆட்டம் முடிய ஒரு நிமிசம் இருக்கு. அவன் வராம உக்காந்திருந்தா என்ன ஆயிருக்கும்? முப்பத்திநாலு, இருவத்திரெண்டு. அவ்வளவுதான். ஒரு பாயிண்டு. ஜெயிக்கப் போறது எப்படியும் அவங்கதான். உக்காந்திருக்க வேண்டியதுதான? நானா அவன வரச் சொன்னேன்? நான் எண்ணத்தான செஞ்சேன்.

அடுத்த ரெய்டுக்கு சேர்மராஜே போனான். பலவேசம் இடது ஓரத்துல கைய ரெண்டையும் தொங்கப் போட்டுட்டு நிக்கான். சேர்மராஜ் கால நீட்டுனான். தொடுததுக்கு நீட்டுததுதான், எவனா இருந்தாலும் விலகிருவான். இவன் விலகல. நெஞ்சுல பட்டு மல்லாக்க விழுந்தான். சேர்மராஜுக்கு ஒரு பாயிண்டு. கையத் தூக்கிப் பாயிண்டக் காட்டிட்டுத்தான் ஓடிப் போயிப் பாத்தேன். கண்ணு திறந்திருந்துது. ஆளு இல்ல. ஒரு டெம்போல போட்டுக் கொண்டு போனாங்க. உசுரோட இருக்கான். இருக்கான்னா, ஒரு பக்கம் விளங்காது, வலிப்பு வரும், பேச்சு கிடையாது. உப்பளத்துக்குப் போயி அவன் பொண்டாட்டிதான் வச்சிப் பாக்கா. முப்பத்திநாலு, இருவத்திரெண்டு. ஸ்கோர் ஷீட்டுல இருக்கு. அதுல எங்கயாவது ஆறுமுகநயினார் தப்புப் பண்ணினார்னு இருக்கா?

போன மாசம் வீட்டுக்கே வந்துட்டான் சேர்மராஜ். எந்தத் துணிச்சல்ல வந்தான்னு கேளுங்க. வாசல்லயே நின்னுக்கிட்டு, "சார், ஒரு வரி எழுதிக் குடுங்க. 'அவன் நிலைமையப் பாத்தேன், பாத்துட்டும் எண்ணினேன்.' இத மட்டும் எழுதிக் குடுங்க. அடிபட்டவனுக்கு எண்ணக் கூடாதுன்னு இந்த ஜில்லால ரூல மாத்திரலாம். அடிச்சவன் சொன்னா சங்கத்துல கேக்க மாட்டேங்காங்க. எண்ணுனவர் சொன்னாக் கேப்பாங்க"ங்கான்.

எப்படி இருக்கு? நான் அந்த வரிய எழுதிக் குடுத்தா என் இருவத்தாறு வருசம் என்ன ஆகும்? நாளைக்கு என் பேத்தி ஸ்கூல்ல எவனாவது கேப்பான்லா? "வெளிய போ"ன்னேன். போயிட்டான். போகும்போது, "சார், நான் தெனமும் சொல்லுதேன். சொன்னாத்தான் சோறு இறங்குது. நீங்களும் சொல்லிப் பாருங்க"ன்னுட்டுப் போறான். எனக்குச் சோறு நல்லாத்தான் இறங்குது. அவன் யாரு என் சோத்தப் பத்திப் பேச?

அந்த வரி கிடைக்கலன்னுதான், ரெஃப்ரியக் கூப்பிட்டுக் கேளுங்கன்னு சங்கத்துல மனுக் குடுத்துட்டான். அதான் நானும் ஒரு காரியம் செஞ்சேன். அவனுக்கு மட்டும்தான் மூளை இருக்கா? பாதிக்கப்பட்டவனே ரெஃப்ரி மேல தப்பு இல்லைன்னு கைநாட்டு வச்சிக் குடுத்துட்டா இவன் வாய எங்க கொண்டு போயி வைப்பான்? போன ஞாயித்துக்கிழம ஒரு பேப்பர்ல நாலு வரி டைப் அடிச்சிக்கிட்டு, மை டப்பியும் வாங்கிக்கிட்டு, பலவேசம் வீட்டுக்குப் போனேன். இதுதான் மொத தடவ. பதினெட்டு வருசமாப் போகலையான்னு கேக்காதிய. ரெஃப்ரி ஆட்டக்காரன் வீட்டுக்குப் போகக் கூடாது. நாளைக்குப் பாரபட்சம்னு சொல்லிருவாங்க.

உப்பளத்துக்குப் பக்கத்துல சின்ன வீடு, ஆஸ்பெஸ்டாஸ் கூரை. அவன் பொண்டாட்டி, அந்தப் புள்ள பேரு செல்வக்கனி. உப்பளத்துல வேல பாத்துக் காலெல்லாம் வெடிச்சிப் போயிக் கிடக்கு. நல்ல புள்ளதான், வாங்கன்னு சொல்லி ஒரு சேர எடுத்துப் போட்டுது, கடுங்காப்பி குடுத்துது. அவன் செவத்தோரம் ஒரு பிளாஸ்டிக் சேர்ல இருந்தான். இடுப்போட சேர்த்து ஒரு துண்ட வச்சிக் கட்டியிருந்துது, சரிஞ்சி விழுந்திராம. நாப்பத்தொண்ணு வயசுன்னு நம்ப முடியாது. எனக்கு அண்ணன் மாதிரி இருக்கான்.

அங்கயும் சேர்மராஜ் பேச்சுதான். மாசாமாசம் அவன்தான் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறானாம். "மொத தடவ வந்த அன்னைக்கு வாசல்ல நின்னுக்கிட்டு, 'நாந்தாம்மா அடிச்சேன்'னாவ சார் அந்த அண்ணன். நான் வெளக்குமாத்த எடுத்துட்டேன். அடிச்சேன். வாங்கிக்கிட்டாவ. மறுமாசமும் வந்தாவ." இப்படிச் சொல்லிட்டு, "நீங்க யாரு சார்?"னு கேக்கு. நான் என்ன, பயந்தவனா? "அன்னைக்கு ரெஃப்ரி நான்தாம்மா"ன்னேன். அந்தப் புள்ள வெளக்குமாத்த எடுக்கல. காப்பி தம்ளரக் கையில இருந்து வாங்கிக் கீழ வச்சிது. நான் இன்னும் குடிச்சே முடிக்கல.

புரியலை போலன்னு நெனச்சி நான் வெளக்க ஆரம்பிச்சேன். வாத்தியார்லா, வெளக்காம விட முடியுமா. இந்தா பாரும்மா, ரூலு இது. அவுட் ஆனவன் இங்க உக்காந்திருக்கான். அவன் உள்ள வரணும். ரெஃப்ரி இப்படிக் கையத் தூக்கி எண்ணணும், பத்து வரைக்கும். எத்தனை எண்ணம் குடுத்தேன், எவ்வளவு நிதானமாக் குடுத்தேன்னு அதுக்குத் தெரியணும்லா. எந்திரிச்சி நின்னு, கையத் தூக்கி, எண்ணிக் காட்டினேன். ஒண்ணு. ரெண்டு. மூணு. கிரவுண்டுல எண்ணுத சத்தத்துலதான் எண்ணினேன், வேற மாதிரி எனக்கு எண்ண வராது.

ஏழு எண்ணும்போது துண்டு அவுந்து விழுந்துது. பலவேசம் எந்திரிச்சிட்டான்.

அந்தப் புள்ள கத்திட்டு. மூணு வருசமா ஆள் பிடிக்காம எந்திரிச்சது இல்லையாம். செவத்தப் பிடிச்சான், விளங்காத கால இழுத்துக்கிட்டு நடு வீட்டுக்கு வந்தான், வந்து இடது ஓரமா நின்னான். கை ரெண்டும் தொங்குது. வாயில எச்சி வடியுது. கண்ணு என் கைய மட்டும்தான் பாக்கு. நான் அப்படியே நிக்கேன், கை மேலயே இருக்கு.

பாத்தியளா? இதைத்தான் நான் இன்னைக்கு விசாரணைல சொல்லப் போறேன். யாராவது பிடிச்சித் தள்ளினாங்களா? மிரட்டினாங்களா? பதினெட்டு வருசம் கழிச்சும் அவனா எந்திரிச்சி வாரான்லா? அப்பம் அன்னைக்கும் அவனாத்தான வந்திருக்கான்? பொண்டாட்டி பேரச் சொல்லத் தெரியல அவனுக்கு, ரூல மறக்கல. அவன்லா ஆட்டக்காரன். இந்தச் சேர்மராஜ் படிச்ச பய, கவர்மெண்டு உத்தியோகம், ரூல மாத்தணும்ங்கான்.

கைநாட்டா? எங்க வைக்க. பேப்பர் பையிலதான் இருக்கு, மை டப்பியத் திறக்கவே இல்ல. நான் கையக் கீழ இறக்கிட்டேன். அவன் உக்காரல. செல்வக்கனி தோளப் பிடிச்சி அமுக்குது, "உக்காருங்க, உக்காருங்க"ங்குது. கால் வெடவெடன்னு நடுங்குது, நிக்கான். சேரத் தூக்கிப் பின்னால கொண்டு வந்து போட்டுது, நிக்கான். "சார், நீங்க என்ன பண்ணினியளோ அத நிறுத்துங்க"ன்னு என்னப் பாத்துச் சொல்லுது. நிறுத்தணும்னா நீள விசில் ஊதணும். ஆட்டம் முடிஞ்சிதுன்னு விசில் ஊதாம எவன் கிரவுண்ட விட்டுப் போவான்? விசில ரிட்டையர் ஆன அன்னைக்கே ஸ்கூல்ல ஒப்படைச்சாச்சி. "ஆட்டம் முடிஞ்சிட்டுலே பலவேசம்"னு வாயால சொன்னேன். ரெண்டு தடவ சொன்னேன். வாயால ஊதிப் பாத்தேன், காத்துதான் வருது.

வந்துட்டேன். பின்ன, எவ்வளவு நேரம் நிக்க? பஸ்ஸுக்கு நேரமாயிட்டு.

என்ன கேக்கிய? உக்காந்தானான்னா? அது எனக்கு எப்படித் தெரியும்? நான் தெரு முக்குக்கு வந்த பொறவும் அந்தப் புள்ள "உக்காருங்க, உக்காருங்க"ன்னு சொல்லிக்கிட்டிருந்தது கேட்டுது. அவ சொன்னா உக்கார மாட்டான் தம்பி. அவ ரெஃப்ரி இல்லைல்லா.